அட்லஸ் பூச்சிக்குப் பசிக்காது

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பயப்படாதே, அது கடிக்காது, கொட்டாது. அட்டாகஸ் பேரினத்தைச் சேர்ந்த அட்லஸ் அந்துப்பூச்சி. காட்டுப் பூச்சிதான், விளக்கு வெளிச்சம் இழுத்துச் சிங்கப்பூரில் உங்கள் மாடி வரைக்கும் வந்திருக்கிறது. 1758-லேயே ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். சிறகை விரித்தால் 24 செ.மீ. வரை இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருப்பது இதன் பங்காளி, அட்டாகஸ் தப்ரோபானிஸ்.

தேன் கரைத்து வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா. சாப்பிட அதற்கு வாயே கிடையாது. இருந்த உறுப்பும் சுருங்கி உபயோகமில்லாமல் போய்விட்டது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பில்தான் ஒன்று, இரண்டு வாரம் ஓட்டுகிறது. பறந்தால் அந்தக் கையிருப்பு சீக்கிரம் கரையும். அதனால்தான் பகல் முழுக்க அசையாமல் கிடக்கிறது. நோயும் இல்லை, சோர்வும் இல்லை. விரட்டிப் பறக்கவிடாதே, அவ்வளவுதான்.

இது பெண். உணர்கொம்பைப் பார்த்தாலே தெரிகிறது, மெலிசாக இருக்கிறது. ஆணுக்கு அகலமாக, இறகு மாதிரி விரிந்திருக்கும். பெண் இருட்டில் ஒரு வாசனையைக் காற்றில் விடும். நம் மூக்குக்கு எட்டாத அதை ஆண் வெகுதொலைவிலிருந்தே பிடித்துக்கொண்டு தேடி வந்துவிடும். சாப்பாட்டுக்கு அலையாத பூச்சிக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை அதுதான்.

முன்சிறகின் நுனியைப் பார்த்தாயா? வளைந்த ஓரம், கண் போல ஒரு கரும்புள்ளி, அசல் பாம்புத் தலை. தொந்தரவு செய்தால் கீழே விழுந்து சிறகை மெதுவாக அசைக்கும், பாம்பு நெளிகிற மாதிரியே. நமக்குப் பாம்பாகத் தெரிகிறது. குருவிக்கு எப்படித் தெரிகிறதோ, அதைக் குருவியிடம்தான் கேட்க வேண்டும்! எனக்கு அதைவிடப் பிடித்தது சிறகின் நடுவில் இருக்கும் முக்கோணங்கள். சிறகுக்கு நிறம் தரும் பொடி போன்ற செதில் அங்கே இல்லாததால் பின்னாலிருக்கும் சுவரே தெரிகிறது.

புதிதாக வெளிவந்த பெண் அதிக தூரம் போகாது. கீழே எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் இலைக்கடியில் தேடிப் பார். பழுப்புப் பட்டுக் கூடு, ஒரு முனையில் திறப்போடு தொங்கும். தைவானில் காலிக் கூட்டைச் சில்லறைப் பையாக வைத்துக்கொள்வார்களாம். நீ பறிக்க வேண்டாம், படம் எடுத்து அனுப்பு. அப்புறம், ராத்திரி பால்கனி விளக்கை அணைத்துவிடு.

அன்புடன்,
அப்பா