மாமியின் பல் செட்

அன்பு மகளுக்கு,

மாமி பல் செட்டைக் கழற்றவே மாட்டேன் என்கிறா, கிட்டப் போனால் வாய் மணக்கிறது என்று நேற்று போனில் மெல்லச் சொன்னாய். அவ பக்கத்தில் இருந்தபடியால் நான் ஒன்றும் கேட்கவில்லை. இரவு முழுக்க அதே யோசனை, அதுதான் எழுதுகிறேன்.

அவவைக் குறையாக நினைக்காதே. எனக்குப் பல் கட்டி 7 வருடமாகிறது. முதல் வருடம் நானும் இரவில் கழற்றவில்லை. அப்பா இருந்த காலம் அது. பொக்கை வாயோடு அவர் முன்னால் படுக்க மனம் வரவில்லை. மறுகா மேல் அண்ணம் எரியத் தொடங்கியது, பிட்டும் இறால் குழம்பும் வாயில் வைக்க ஏலாது. கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய்ப் பல் டொக்டரிடம் காட்டினேன். செட் மூடியிருந்த இடம் மட்டும் அச்சுக் குத்தியது போலச் சிவந்திருந்ததாம். பூஞ்சைதான். இரவும் பகலும் மூடியே கிடந்தால் அடியில் எச்சில் ஓடாது, அங்கே அது வளரும். சீனி வருத்தக்காரருக்கு இன்னும் சுலபமாக வரும். மாமிக்கும் சீனி இருக்கிறதே, அதனால் ஒருமுறை டொக்டரிடம் காட்டு. மருந்து தருவார்கள், ஆனால் செட்டும் சுத்தமாக இல்லாவிட்டால் அது திரும்பவும் வரும்.

கழுவுவதற்குப் பற்பசை வேண்டாம். செட் அக்ரிலிக்கில் செய்தது, நம் பல்லளவு உறுதி அதற்கு இல்லை. பற்பசை கண்ணுக்குத் தெரியாமல் கீறிவிடும், அந்தக் கீறலில்தான் அழுக்கும் வெற்றிலைக் கறையும் போய் இருக்கும். மென்மையான பிறஷ்ஷும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். அண்ணத்தில் ஒட்டும் பக்கத்தையும் மறக்காமல் தேய்க்க வேண்டும், மணம் அங்கேதான். பேசினில் தண்ணீர் நிரப்பி அதற்கு மேலே வைத்துக் கழுவச் சொல். நான் கிணற்றடிச் சீமெந்தில் கை தவற விட்டு இரண்டாக உடைத்தவள்.

சுடுதண்ணீர் கூடவே கூடாது, வடிவம் மாறினால் பிறகு வாயில் பொருந்தாது. நீ எனக்கு அனுப்பும், தண்ணீரில் கரைத்துச் செட்டை ஊறவைக்கிற குளிசையையே அவவுக்கும் வாங்கு. குளிசைப் பெட்டியில் எழுதியிருக்கும் நேரம் வரை ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். குளிசையை வாயில் போடவே கூடாது, வயதானவர்கள் மறதியில் போட்டுவிடுவார்கள், கவனம். கீழ்ச் செட்டில் கம்பி இருக்கிறது என்றாயே, அதற்குத் துணி வெளுக்கும் குளோரின் தண்ணீர் பக்கமே போகாதே, கம்பி அரித்துப்போகும்.

சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் கழற்றி அலசினால் நல்லது. இரவில் மூடியுள்ள டப்பாவில் பச்சைத்தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட வேண்டும், காய விட்டால் வளைந்துவிடும். தண்ணீரை ஒவ்வொரு நாளும் மாற்று. செட் இல்லாத நேரம் முரசையும் நாக்கையும் ஈரத் துணியால் மெல்லத் துடைக்கச் சொல், எனக்கு வாய் நாற்றம் போனது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் மருமகன், பிள்ளைகள் முன்னால் சொல்லாதே. டப்பாவை குசினியில் வைக்காமல் அவவின் கட்டில் பக்கத்திலேயே வை. விடியக் காலையில் தேத்தண்ணி கொண்டு போகும்போது கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் நின்று உள்ளே போ. பல்லைப் போட்டுக்கொள்ள அவவுக்கு நேரம் வேண்டும்.

அம்மா