டாக்டரிடம் சொல்லாததைத் திரையில் சொன்னார் அம்மா

ஆசிரியருக்கு வணக்கம்.

கீமோ எடுத்த நாட்களில் "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்லை டாக்டர்" என்பதுதான் அம்மாவின் பதில். பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியாத அளவுக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. வாய் திறந்து சொன்னதே இல்லை. ஒருநாள் காத்திருந்த நேரத்தில் நர்ஸ் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார். மரத்துப்போகிறதா என்ற கேள்வி வந்ததும் அம்மா தயங்காமல் "மிக அதிகம்" என்பதைத் தொட்டார். அன்றுதான் டாக்டருக்கே விஷயம் தெரிந்தது. மருந்தின் அளவைக் குறைத்தார்.

நோயாளியிடமே இப்படிக் கேட்பது புதிதல்ல. ஈஓஆர்டிசி என்ற ஐரோப்பிய புற்றுநோய் ஆய்வு அமைப்பு நோயாளியின் உடல்நலம், வாழ்க்கைத் தரம் பற்றித் தயாரித்த 30 கேள்விகள் 1993-லேயே வெளியானவை. இப்போது கணினியே முந்தைய பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. நாலடி நடக்கவே சிரமப்படுபவரிடம் நெடுந்தூரம் நடப்பீர்களா என்று கேட்டு நோகடிக்காது.

நியூயார்க்கில் 766 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. உபாதைகளைக் கணினி வழியே தெரிவித்து வந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது ஆய்வில் சேர்ந்தபின் பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், 31.2 மாதம்; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். அங்கே உபாதை முற்றினால் நர்ஸுக்கு உடனே மின்னஞ்சல் போனது. அதுதான் முக்கியம். பதிலை வாங்கி வைத்துவிட்டு யாரும் படிக்காவிட்டால் என்ன பயன்? ஸ்கேன் ரிப்போர்ட்டோடு இந்தப் பதில்களும் டாக்டரின் மேசைக்கு வர ஒவ்வொரு மருத்துவமனையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி