ஏன் டேப் இல்லை, ஏன் மினுக்குத் தாள் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒரு மாதமாக, பரிசு கட்டித் தரும் எங்கள் காகிதக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒரே கேள்விதான். "ஏன் அக்கா, அந்த மினுமினுப்புத் தாள் தீர்ந்துபோச்சா?" போன வாரம் ஹீவுட் தோட்டத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர், நான் பெட்டி கட்டுவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "டேப்பே ஒட்டலையே தங்கச்சி, பேருந்துல போறப்ப பிரிஞ்சிடாதா?" என்று கேட்டார். நின்று பதில் சொல்ல ஆசைதான். ஆனால் வாய் பேசினால் கை கோணிவிடுகிறது. அதனால்தான் இந்த மடல். சுங்கை சிப்புட்டில் இருப்பவர்கள் கடையிலேயே ஒரு பிரதி வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் புலனத்தில் அனுப்புகிறோம்.

மினுக்குத் தாள் தீர்ந்துபோகவில்லை. நாங்கள்தான் நிறுத்திவிட்டோம். அதற்குக் காரணம் ஒரு கல்யாணம்.

போன வருஷம் ஒரு குடும்பத்துக்கு 21 சீர்வரிசைப் பெட்டிகள் கட்டிக் கொடுத்தோம். எல்லாம் தங்க நிற மினுக்குத் தாள், உள்ளே இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். கடையில் அடுக்கி வைத்தபோது கண்ணைப் பறித்தது. நண்பகலில் வேனில் ஏற்றி ஈப்போவுக்கு அனுப்பினோம். நானும் பின்னாலேயே போனேன். மண்டபத்தில் வேன் கதவைத் திறந்தால் மூலைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. பெண்ணின் அத்தை எதுவும் சொல்லவில்லை. ஒரு மூலையைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார், விட்டார், அது மெதுவாக மறுபடி எழுந்தது. இன்னொரு முறை அழுத்தினார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தப்பு எங்களுடையதுதான். விலை குறைவு என்று ஏதோ ஒரு டேப்பை வாங்கியிருந்தோம். வேனுக்குள் இருந்த சூட்டில் அதன் பசை இளகிவிட்டது. ஆனால் டேப்பை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மினுக்குத் தாளில் பெரும்பாலானவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு மடிப்பு பிடிக்காது. மடித்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பத்தான் பார்க்கும். அதை மல்லுக்கட்டி அடக்கி வைத்திருப்பது டேப். டேப் கைவிட்டால் எல்லாம் போச்சு.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது தாத்தாவின் கைகள். தாத்தா தோட்டத்துக் கடையில் பொட்டலம் மடித்தவர். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். பழைய செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்து இடது உள்ளங்கையில் வைப்பார். வலது கை ஒரு சுற்றுச் சுற்றும், கூம்பு வந்துவிடும். அடி நுனியை ஒரு திருகு. நூறு கிராம் கடுகு உள்ளே விழும். மேல் வாயின் இரண்டு பக்கத்தையும் உள்ளே மடக்கி, மிச்ச முனையை அந்த மடிப்புக்குள்ளேயே செருகிவிடுவார். கொஞ்சம் பெரிய பொட்டலம் என்றால் மட்டும் தலைக்கு மேலே தகர டின்னில் தொங்கும் நூலை இழுத்து இரண்டு சுற்று, அப்புறம் விரலிலேயே சுண்டி அறுப்பார். பசை கிடையாது, டேப் கிடையாது. லயத்துக்கு நடந்து போகும் வழியில் ஒரு கடுகும் கீழே சிந்தாது. வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் தாள் கிழியாமல் அப்படியே வரும். அடுப்பு மூட்டவோ, அலமாரித் தட்டில் விரிக்கவோ ஆகும்.

டேப் இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் தினமும் பயன்படுத்தும் செல்லோடேப் சந்தைக்கு வந்ததே 1930-இல், அமெரிக்காவில். அச்சடித்த பரிசுத் தாளுக்கும் வயது அதிகமில்லை. 1917 கிறிஸ்துமஸ் சமயத்தில் கன்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில் பரிசு சுற்றும் டிஷ்யூத் தாள் தீர்ந்துபோனது. கைக்கு அகப்பட்டது, கடித உறைகளின் உட்புறம் ஒட்டுவதற்காகப் பிரான்சிலிருந்து வரவழைத்திருந்த பூப்போட்ட தாள். அதை எடுத்து ஒரு தாள் பத்து சென்ட் என்று விற்றார்கள். சுடச்சுட விற்றுத் தீர்ந்தது. அந்தக் கடைதான் பிறகு வாழ்த்து அட்டைக்குப் பேர்போன ஹால்மார்க் ஆனது. அதாவது, கையிருப்பு தீர்ந்துபோன ஒரு கடைக்காரரின் சமாளிப்பைத்தான் உலகம் முழுக்க வழக்கமாக்கிவிட்டோம். எனக்குக் கடைக்காரர்களின் சமாளிப்புமீது மரியாதை உண்டு, நானும் அந்தச் சாதிதான். ஆனாலும் தாத்தாவின் பொட்டலம் அதற்கு மூத்தது.

சரி, இப்போது எப்படிக் கட்டுகிறோம் என்று சொல்கிறேன்.

நாங்கள் எடுப்பது பழுப்பு நிற கிராப்ட் தாள், சதுர மீட்டருக்கு 80 கிராம் கனம். கிராப்ட் என்றால் ஜெர்மன் மொழியில் வலிமை. பேருக்கு ஏற்ற தாள்தான். நீங்கள் நகல் எடுக்கும் ஏ4 தாளும் பெரும்பாலும் அதே 80 கிராம் கனம்தான். பதினாறு ஏ4 தாளைப் பரப்பினால் ஒரு சதுர மீட்டர், ஒரு தாள் 5 கிராம். இதைவிடக் கனமான தாள் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கனமான தாள் மூலையில் முண்டுகட்டும், அழகாக உட்காராது. அட்டைப்பெட்டி செய்யத்தான் 250, 300 கிராம் அட்டை.

வெட்டுவதற்கு முன் தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்களும் படுத்துவிடும். தாளை மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பணிவாக வளையும், இன்னொரு பக்கம் முரண்டுபிடிக்கும். பணிவாக வளையும் பக்கம்தான் நாரோட்டம். அதை ஒட்டி மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி விழும். எதிர்த்து மடித்தால் விளிம்பு வெடித்துச் சொரசொரக்கும். வாழ்த்து அட்டை மடிப்பில் வெடிப்பு வருவதும் இதனால்தான். வீட்டில் பிள்ளைகளோடு அட்டை செய்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கவனித்தால் போதும், பாதி வேலை அழகாகிவிடும்.

அளவு இப்படி. 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 10 உயரம் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். சுற்றி வர 60 வேண்டும். டேப் ஒட்டினால் மேலே ஒரு 4 விட்டால் போதும். டேப் இல்லாதபோது ஒரு விளிம்பை மடித்துப் பை மாதிரி ஆக்கி, மறு விளிம்பை அதற்குள் செருக வேண்டும். அதற்கு 15 விடுகிறோம். ஆக 75. அகலத்தில், பெட்டியின் நீளத்தோடு உயரத்தில் ஒன்றரை மடங்கு சேர்த்தால் 45. பக்கவாட்டு மடல்களை முக்கோணமாக்கிக் கீழ் மடலுக்குள் செருகி, சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சுற்று. முடிச்சு உருவுமுடிச்சுதான். ஒரு நுனியை இழுத்தால் கயிறு அவிழும், தாள் விரியும், எதுவும் கிழியாது. ஹீவுட் பாட்டிக்கு என் பதிலும் இதுதான்: பேருந்து எத்தனை குலுக்கினாலும் பிரியாது, நீங்கள் இழுத்தால்தான் பிரியும்.

பெட்டி சுலபம். தீபாவளிக்கு நீங்கள் கொண்டுவருவது பெட்டியா? சிவப்பு மூடி போட்ட முறுக்கு டப்பா! உருண்டையான பொருளைக் கட்டத் தெரியாமல் நானே பல வருஷம் பிளாஸ்டிக் தாளில் மேலே சுருக்கி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் சேலை கட்டும்போதுதான் பொறி தட்டியது. டப்பாவைத் தாளில் சுருட்டி, மேலே மிஞ்சும் தாளைக் கொசுவம் வைப்பதுபோல் ஒரு விரல் அகலத்துக்கு மடித்து மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக நடுவை நோக்கிச் சாய்க்க வேண்டும். முதல் மடிப்பைத் தளர்வாக விட்டால் கடைசி மடிப்பை அதற்கடியில் செருகிவிடலாம். மேலிருந்து பார்த்தால் தாமரை மாதிரி இருக்கும். என்னோடு வேலை பார்க்கும் பிள்ளை ஒரு டப்பாவில் 24 கொசுவம் வைக்கிறாள். எனக்கு 18-க்கு மேல் வருவதில்லை, பொறுமை இல்லை.

துணியில் கட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் செய்கிறோம். ஜப்பானில் இதற்கு புரோஷிகி என்று பெயர், சதுரத் துணியில் மூட்டை கட்டுவது. நம் பாட்டிகள் முந்தானையில் காசு முடிந்ததும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். பழைய சேலை கொண்டுவந்தால் வெட்டித் தைத்துத் தருவோம். பட்டு வேண்டாம், முடிச்சு நழுவும்.

கையால் செய்யும் கைத்தாள் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். பள்ளி ஆண்டு முடியும்போது டோவன்பி, எல்பில் தோட்டத்துப் பிள்ளைகள் பழைய நோட்டுகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். கிழித்து ஒரு இரவு ஊறவைத்து, அரைத்து, கொசுவலை அடித்த சட்டத்தில் அள்ளி, துணியில் கவிழ்த்துப் பிழிந்து காயவைக்கிறோம். ஆலைத் தாள்போல் இதில் ஒரே திசை நாரோட்டம் இருக்காது, ஓரமும் நேராக இருக்காது. அதுதான் அதன் அழகு. ஆனால் ஒரு முறை தாளாக இருந்த நார் அரைபட அரைபடக் குட்டையாகும், அதனால் வலு குறைவு. பெட்டி சுற்ற ஆகாது, அட்டைக்கும் பெயர்ச்சீட்டுக்கும்தான். தீபாவளி நெருங்கும் மாதங்களில் சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறது. வெயில் காலத்தில் ஒரே பகலில் காயும் தாள் அப்போது இரண்டு, மூன்று நாள் எடுக்கும். அதனால்தான் கைத்தாள் அட்டைக்கு மூன்று வாரம் முன்னதாகச் சொல்லச் சொல்கிறோம். வேறு பிகு எதுவும் இல்லை.

"சுத்தி எங்க பார்த்தாலும் செம்பனைதானே, அந்தக் குலையில தாள் செய்யலாமே?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பாமாயில் எடுக்கப் பழம் உதிர்த்த வெறுங்குலையின் நாரில் காகிதக்கூழ் செய்ய முடியும், செய்கிறார்கள். ஆனால் அதற்குக் காஸ்டிக் சோடா போட்டு அவிக்க வேண்டும், மிஞ்சும் கறுப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது? கடையின் பின்பக்கச் சமையலறையில் செய்கிற வேலை இல்லை அது. மன்னிக்கவும் தம்பி.

மொய் உறை விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு ஊதா நிறம் இருக்கிறது, கல்யாணத்துக்கு மஞ்சளும் அரக்கும். இந்த முறை உறைக்குள் ஒரு சின்னப் பை வைத்திருக்கிறோம். 101 வைக்கிறவர்களுக்கு அந்த ஒரு ரிங்கிட் தனியாக உட்காரும், தவறி விழாது. நோட்டை மடித்துப் பூ, மயில் செய்து தரச் சொல்பவர்கள் 10, 20, 50 கொண்டுவாருங்கள். ஒரு ரிங்கிட்டும் ஐந்து ரிங்கிட்டும் பாலிமர் நோட்டு, மினுக்குத் தாள் மாதிரியேதான், மடித்தால் எழுந்து நிற்கும். பசையோ ஊசியோ நோட்டில் படாமல்தான் செய்வோம், பிரித்தால் நேராகச் செலவுக்குப் போகலாம்.

விலை கூடியது உண்மை. முன்பு ஒரு பெட்டிக்கு 3 ரிங்கிட், இப்போது 5. தாள் கூடுதலாகப் போகிறது, அதைவிட நேரம் கூடுதலாகப் போகிறது. டேப் ஒட்டி ஒரு பெட்டியை நான்கு நிமிடத்தில் முடிப்பேன், செருகி மடிக்கப் பத்து நிமிடம். ஆனால் நாங்கள் கட்டிய தாளைக் கிழியாமல் திரும்பக் கொண்டுவந்தால் அடுத்த பெட்டிக்கு ஒரு ரிங்கிட் குறைப்போம். இஸ்திரி போட்டு இன்னொரு முறை பயன்படுத்துகிறோம். மடிப்புத் தழும்பு இருக்கும்தான். அது பிடிக்காதவர்கள் புதுத் தாள் என்று சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் வேறு தாள்களையும் கொண்டுவரலாம். அதற்கு முன் கையில் ஒரு கசக்குக் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் தாள், எங்களுக்கு ஆகும். மெல்ல விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக், வேண்டாம். ஜிகினாத் தூள் ஒட்டியதும் வேண்டாம், அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், கூழில் கலந்தால் போகவே போகாது. வாங்கிப்போன தாளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், தாள் அதைக் குடித்து நெளிந்துவிடும். சுருட்டிப் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள். பசை காய்ச்சுகிறவர்கள் மைதாவில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சி அரிக்காது. ஆனால் அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, பிள்ளைகள் கைக்கும் எட்டக் கூடாது.

கடைசியாக, மினுக்குத் தாள்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் நீங்களே வாங்கிக் கொண்டுவாருங்கள், கட்டித் தருகிறேன். ஆனால் அது ஈப்போ போய்ச் சேரும்வரை நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
காகிதக் கடை அக்கா,
சுங்கை சிப்புட்

பி.கு.: முறுக்கு டப்பாவை மூடி இறுக்கித் துடைத்துக் கொண்டுவாருங்கள். சென்ற வாரம் ஒரு டப்பாவோடு வந்த எறும்பு கிராப்ட் தாள் சுருள் முழுவதும் குடியேறி, இரண்டு நாள் கடையை வெளியே எடுத்துப் போட்டோம்.