பருப்புக்கு ஒரு பத்தி, கோயிலுக்கு ஒன்றரை வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பிரான்ஸ் பயணக் கட்டுரையில், லு ப்வி நகரத்துப் பாறைக் கோயிலைப் பற்றி, “268 படி ஏறினால் உள்ளே ஒரே இருட்டு, பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம்” என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். படிக்கணக்கு சரி. அதற்கு முதலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வாய்ப்பு வராது.

அந்தப் படிகளில் மூன்று முறை ஏறியவன் நான். கடைசியாக ஏறியபோது வயது 66, வலது முட்டியில் வலி. உட்கார்ந்து உட்கார்ந்து மேலே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருட்டுதான், யார் இல்லை என்றது? வெயிலில் ஏறி வந்த கண் அந்த இருட்டுக்குப் பழகவே ஐந்து நிமிடம் வேண்டும். கட்டுரையாளரின் பத்து நிமிடத்தில் பாதி அதிலேயே போயிருக்கும். கண் பழகிய பிறகல்லவா மங்கிப்போன சுவரோவியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்! தூண்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பதும் அப்போதுதான் தெரியும். சுவர் எங்கும் நேராக ஓடாது. பாறை வளைந்த இடத்தில் சுவரும் வளைந்திருக்கிறது.

தாங்கள் அறியாததல்ல: அந்த ஊர் ஆயர் கோதெஸ்கால்க் 950–51இல் ஸ்பெயினின் சந்தியாகு திருத்தலத்துக்குத் திருப்பயணம் போய்வந்தவர். அவ்வளவு தூரம் போன வெளிநாட்டாரில் பெயர் தெரிந்த மிகப் பழையவர்களில் ஒருவர். வழியில் ஒரு மடத்துத் துறவி அவருக்காக ஒரு நூலைப் படியெடுத்து, அதில் எழுதிவைத்த குறிப்பால்தான் இந்தப் பயணமே நமக்குத் தெரிகிறது. அவர் காலத்தில், 960களில், 80 மீட்டருக்கும் மேல் ஊசிபோல் நிற்கும் எரிமலைப் பாறையின் உச்சியில் மிக்கேல் சம்மனசு என்ற வானதூதருக்கு எழுப்பியது அந்தச் சிற்றாலயம். பாறை நிற்கும் ஊரின் பெயரான எகுயி என்பதற்கே ஊசி என்றுதான் பொருள். 12ஆம் நூற்றாண்டில் இடம் போதாமல் விரித்துக் கட்டியவர்கள் பழைய சிறு அறையை இடிக்கவில்லை; அதைச் சுற்றியே கட்டினார்கள். வாசலில் கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகக் கல் பதித்து, நிலைக்கு மேல் இரண்டு கடற்கன்னிகளையும் செதுக்கி வைத்தார்கள். கோயில் வாசலில் கடற்கன்னிக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லையா அவருக்கு? 1955இல் பீடத்தில் பழைய திருப்பண்டங்கள் கிடைத்தன. அதுவும் கட்டுரையில் இல்லை.

ஆனால் அவ்வூர்ப் பச்சைப் பருப்புக்கு ஒரு முழுப் பத்தி. எந்தக் கடையில் கிலோ என்ன விலை என்பது வரை.

படத்துக்கு வருகிறேன். “பாறை மேல் செயின்ட் மைக்கேல் சர்ச்” என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் நிற்பது பக்கத்துப் பாறையில் இருக்கும் மாதா சுரூபம்! கிரிமியப் போரில் செவாஸ்தபோலில் பிடித்த 213 பீரங்கிகளை உருக்கி வார்த்து 1860இல் நிறுவியது. கோயிலுக்கும் அதற்கும் 900 வருட இடைவெளி. போகட்டும், வருடம் தெரியாமல் இருக்கலாம். கையில் குழந்தையை ஏந்தி நிற்பவரைப் பார்த்து மிக்கேல் என்று எழுத எப்படி ஐயா மனம் வந்தது?

அதிலும் ‘செயின்ட் மைக்கேல்’. பிரெஞ்சுக்காரன் ‘சேன் மிஷெல்’ என்பான். என் பாட்டி ‘மிக்கேல் சம்மனசு’ என்பாள். நடுவில் இந்த இங்கிலீஷ்காரர் எங்கிருந்து வந்தார்? பேராலயம், சிற்றாலயம், மடத்துக் கோயில் எல்லாமே தங்கள் இதழில் ‘சர்ச்’தான். நாலு வருடம் முன்பு, 9ஆம் லூயி மன்னர் இயேசுவின் முள்முடியை வைப்பதற்கென்றே கட்டி 1248இல் அர்ச்சிக்கப்பட்ட பாரிஸ் சேன்த் ஷப்பேலை, ‘நோத்ர் தாமின் பின்பக்கச் சர்ச்’ என்று போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். கடிதம் வரவில்லை. சந்தாவை உயர்த்திய அறிவிப்பு மட்டும் தவறாமல் வந்தது.

வெளிநாட்டுக் கோயில்தானே, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்போ என்னவோ. போய்ப் பார்த்தவர்களும் சந்தா கட்டுகிறோம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், படத்தில் இருப்பது மாதா சுரூபம், சிற்றாலயம் அல்ல என்று இரண்டு வரி போட்டால் போதும். பருப்பைப் பற்றி எழுதியதில் பிழை ஏதும் இல்லை. அதைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்,
லியோன், பிரான்ஸ்