கேமரா வாங்குவதற்கு முன்னால் இரண்டு பொடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

போட்டோவில் புதிதாக ஏதாவது செய்து பார்க்க வேண்டும், எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எதுவும் வாங்காதேம்மா. படம் எடுக்க உன் போனே போதும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து இரண்டு ரசாயனப் பொடியும் கொஞ்சம் நல்ல தாளும் வாங்கு. சயனோடைப் செய்து பார். வெயிலில் அச்சாகி, வெறும் தண்ணீரில் கழுவி எடுக்கிற நீலப் படம் அது. இருட்டறை வேண்டாம். பெங்களூரில் உனக்கு மொட்டைமாடி இருக்கிறது, அது போதும்.

இது இன்று நேற்று வந்த வித்தை இல்லை. ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1842-ல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியல் ஆர்வலர் கடற்பாசிகளை நேராகத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டிப் படமாக்கினார். புகைப்படங்களைக் கொண்டு வந்த முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு கேமராவே தேவைப்படவில்லை! பாசிகளின் பெயர்களைக்கூடத் தன் கையெழுத்திலேயே அதே நீலத்தில் அச்சிட்டார். கட்டட வரைபடத்தை இன்றைக்கும் புளூபிரிண்ட் என்கிறோமே, அந்த நீலமும் இதுதான்.

நடப்பது இவ்வளவுதான். தாளில் பூசிய இரும்பு உப்பின் மேல் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் இரும்பின் நிலை மாறுகிறது. மாறிய இரும்பு, கூடவே பூசிய ஃபெரிசயனைடு என்ற இன்னொரு உப்போடு சேர்ந்து, பிரஷ்யன் நீலம் என்ற கருநீல நிறமியாகித் தாளின் நாரில் தங்கிவிடுகிறது. அது தண்ணீரில் கரையாது. வெயில் படாத இடத்தில் உப்பு அப்படியே இருப்பதால் கழுவும்போது போய்விடும், அங்கே தாளின் வெள்ளை தெரியும். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

பொடி வாங்கும்போதே பாதிப் பேர் தவறுவார்கள். உனக்கு வேண்டியது ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், அதிலும் பச்சை நிறத்தது. ஃபெரிக் அமோனியம் சல்பேட் வேறு பொருள், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதே. இரண்டாவது பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இது ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும். மஞ்சளாக இருந்தால் அது ஃபெரோசயனைடு, நம் வேலைக்கு ஆகாது. பள்ளி, கல்லூரி லேபுகளுக்கு ரசாயனம் விற்கிற கடையில் இரண்டும் கிடைக்கும்.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 50 மில்லியில் 12.5 கிராம் சிட்ரேட்டைக் கரை. இன்னொரு 50 மில்லியில் 5 கிராம் ஃபெரிசயனைடு. தனித்தனிப் பழுப்பு நிற மருந்து பாட்டிலில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டு. இப்படித் தனித்தனியாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. சிட்ரேட் கரைசலின் மேல் பூஞ்சை படர்ந்தால் பதறாதே, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். கலந்தபின் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஊசியில்லாத சிரிஞ்சால் சம அளவு எடுத்துக் கல. ஏ4 தாளுக்கு மொத்தம் 3 மில்லி போதும். ஆக இந்த இரண்டு பாட்டிலில் முப்பது தாள் வரை வரும்.

பெயரில் சயனைடு இருக்கிறதே என்று உன் அம்மா கேட்பாள். அது இரும்போடு இறுகக் கட்டுண்டிருப்பதால் சாதாரணமாகக் கையாள்வதில் அபாயம் குறைவு. ஆனால் வலுவான அமிலமோ சூடோ பட்டால் விஷவாயு வரும். பாத்ரூம் கழுவும் ஆசிட் ஊற்றிய இடத்தில் இந்தக் கரைசலைக் கொட்டவே கொட்டாதே. பொடியை நிறுக்கும்போது மாஸ்க், கையுறை போட்டுக்கொள். சமையல் பாத்திரம், ஸ்பூன் எதையும் இதற்கு எடுக்காதே.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள காட்டன் வாட்டர்கலர் தாள் வாங்கு. "ஆசிட் ஃப்ரீ" என்று பெருமையாக எழுதியிருக்கும் தாள்கள் பலவற்றில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ள கால்சியம் கார்பனேட் கலந்திருப்பார்கள். பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகவே ஆகாது, படம் வெளிறிப் போகும். ஒரு தாளில் இரண்டு முறை அப்படி ஆனால் அதோடு மல்லுக்கட்டாமல் தாளை மாற்று.

பூசுவது ராத்திரியில், மங்கலான மஞ்சள் பல்பின் கீழ். ஸ்பாஞ்ச் பிரஷ் நல்லது. இரும்புப் பட்டை போட்ட பிரஷ் என்றால் துரு கலந்து தாளெங்கும் நீலப் புள்ளி விழும். முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக இழு. குளம் கட்டி நிற்கக் கூடாது. ஓரத்தில் பிரஷ் தடம் தெரிவதைச் சிலர் மறைப்பார்கள், எனக்கு அது இருந்தால்தான் கையால் செய்தது போல இருக்கும். இருட்டான அலமாரியில் ஒரு மணி நேரம் காயவிடு. காய்ந்தபின் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். அப்போதே நீலம் தட்டியிருந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது அல்லது தாள் சரியில்லை. மழைக்காலத்தில் பூசியதை அன்றே பயன்படுத்திவிடு, ஈரம் ஏறினால் வெள்ளை இடங்கள் அழுக்காகும்.

முதல் மாதம் முழுக்க இலை மட்டும் வை. முருங்கை, புளி, வேம்பு, பெரணி எல்லாம் தட்டையாகக் கிடக்கும், நுணுக்கமாக விழும். பறித்ததும் வைக்காமல் செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றி நான்கைந்து நாள் காயவிடு. ஈர இலை சாறு விட்டுக் கறை பண்ணும், தடித்த இலை தாளைவிட்டுத் தூக்கி நின்று ஓரம் மங்கிவிடும். நரம்பு மட்டும் மிஞ்சிய அரச இலை கிடைத்தால் விடாதே. அட்டை, அதன் மேல் பூசிய தாள், அதன் மேல் இலை, எல்லாவற்றுக்கும் மேல் சாதாரண ஜன்னல் கண்ணாடி; நாலு பக்கமும் கிளிப். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி என்று விற்பது இதற்கு உதவாது.

எத்தனை நிமிடம் என்று என்னைக் கேட்காதே, உன் மாடி வெயிலைக் கேள். தாளில் ஒரு துண்டை வெட்டி, அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு விரல் அகலமாக அட்டையை நகர்த்திக்கொண்டே போ. 12 நிமிடம் வரை ஆறு பட்டை கிடைக்கும். கழுவி, காய்ந்தபின் எந்தப் பட்டைக்கு மேல் நீலம் இன்னும் அடர்த்தியாகவில்லை என்று பார். அதுதான் உன் நேரம். பகல் 11 முதல் 2 மணி வரை ஒரே அளவாக இருக்கும். மேகம் வந்தால் மூன்று மடங்குகூட ஆகலாம். நிறத்தையும் கவனி: பச்சை நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்கு வரும். "ஐயோ, கெட்டுவிட்டது" என்று தோன்றும் அந்தக் கட்டத்தில்தான் எடுக்க வேண்டும். நீலமாக அழகாய்த் தெரியும்போதே எடுத்தால் தண்ணீரில் பாதி ஓடிவிடும். புதிதாகச் செய்பவர்களின் வெளிறிய படங்களுக்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

கழுவும்போது முதல் தட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர். இடைப்பட்ட நீலங்கள் அதில் நன்றாகத் தங்கும். பிறகு வெறும் தண்ணீரில் மஞ்சள் முழுக்கப் போகும்வரை ஐந்து முதல் பத்து நிமிடம். மஞ்சள் மிச்சமிருந்தால் நாளடைவில் வெள்ளை இடமும் நீலமாகும். பெங்களூரில் பல வீடுகளுக்குப் போர் தண்ணீர்தான். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிற தண்ணீர் என்றால் அதில் நெடுநேரம் ஊறப்போடாதே, காரத்தில் நீலம் கரையும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் வைத்துக்கொள். ஈரமாக இருக்கும்போது நிறம் சற்று மந்தமாக இருக்கும், ஒரு நாள் காற்றுப்பட்டால் ஆழமாகும். பொறுமை இல்லையென்றால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மூடி அளவு கலந்த தண்ணீரில் முக்கு, கண்முன்னே கருநீலமாகும்.

இலை கைவந்தபின் உன் போன் படங்களுக்கு வா. படத்தைக் கறுப்புவெள்ளையாக்கி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி நெகட்டிவ் ஆக்கி, இடம் வலம் மாற்றி, ஓஎச்பி ஷீட் எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் அச்சடி. மை பட்ட பக்கம் தாளைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் கூர்மை போகும். லேசர் பிரிண்டின் கறுப்பு அவ்வளவு அடர்த்தியாக இருக்காது, அதனால் ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்து. ஷீட் கிடைக்கவில்லையா, ஜெராக்ஸ் கடையில் சாதாரணத் தாளில் எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவு. தாள் வழியே வெளிச்சம் புகும்படி ஆகும். எண்ணெயைச் செய்தித்தாளில் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு வை, நேரத்தை இரண்டு மூன்று மடங்காக்கு. எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் உன் கற்பனை வேலை செய்ய வேண்டும். நிழலும் வெளிச்சமும் பிரிந்து நிற்கிற படம், கம்பி ஜன்னல், கொடியில் காயும் துணி, ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்த முகம் எல்லாம் எடுக்கும். மூட்டமான நாளில் எடுத்த கூட்டப் படம் வெறும் நீலச் சேறாகும்.

நீலம் அலுத்தால் லிட்டருக்கு அரை டீஸ்பூன் சலவை சோடா கரைத்து அதில் முக்கு, நீலம் வெளிறி மஞ்சளாகும். நன்றாக அலசிவிட்டு, கொதிக்கவைத்து ஆறவைத்த கடுக்காய்க் கஷாயத்தில் அரை மணி நேரம் போடு. பழுப்பிலிருந்து கறுப்புவரை போகும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்துதான். தாளின் வெள்ளையும் கொஞ்சம் பழுக்கும், அதற்கு வழியில்லை.

துணியில் செய்ய ஆசை இருந்தால் பழைய வேட்டி கேள், அனுப்புகிறேன். புது வேட்டியில் கஞ்சி இருக்கும், கரைசல் இறங்காது. செய்தபின் சோப்புத்தூளில் துவைக்காதே.

சுவரில் மாட்டும் படம் நேர் வெயிலில் வெளுக்கும். இருட்டில் சில நாள் வைத்தால் நீலம் பெருமளவு திரும்பிவிடும். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமையை உலக சயனோடைப் தினமாகக் கொண்டாடுகிறார்கள், அதற்குள் உனக்குக் கை திருந்தியிருக்கும். அறைத்தோழிகளையும் மாடிக்குக் கூப்பிடு. போனில் படம் எடுத்து அனுப்புவதென்றால் ஃபிளாஷ் போடாமல் நிழலில் வைத்து எடு, நீலம் பொய்யாகத் தெரியாது.

எனக்குப் போன் படம் வேண்டாம். தாளையே தபாலில் அனுப்பு. முதலில் மூன்று: தேறியது ஒன்று, தேறாதது இரண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தேதி, மணி, எத்தனை நிமிடம், என்ன தாள் என்று எழுது. பேனா மை தண்ணீரில் ஓடும். மடிக்காதே, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டு. தேறாதவற்றைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அப்பா