எங்கள் தம்பியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள வியாசர்பாடி உறவுகளுக்கு,

வணக்கம்.

நான் இங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள். முதியோர் ஓய்வூதிய மனு, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், காதுகுத்துப் பத்திரிகை என்று உங்களில் பாதிப் பேருக்காவது ஏதாவது ஒன்று அடித்துக் கொடுத்திருப்பேன். இன்று என் வீட்டுக்காக ஒரு கடிதம் அடிக்கிறேன்.

தம்பி போதைக்காக எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை விட்டு இந்த மாதத்தோடு பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது பிளஸ் டூ படிக்கிறான். அதற்குக் காரணமானவர்களில் முகம் தெரிந்த எல்லாரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டேன், ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தம்பியின் பெயரை எழுதவில்லை. குற்ற வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. உங்கள் பெயர்களைச் சொன்னால் அவன் யார் என்று தெரிந்துவிடும் என்பதால் அவற்றையும் விட்டுவிட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எழுதி முடித்ததும் அவனிடம் படித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

முதலில் மருந்துக்கடை அண்ணனுக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். அண்ணன் உள்ளே வந்து, நாலாக மடித்த ஒரு சீட்டை நீட்டி, "இத ஒரு காப்பி எடும்மா" என்றார். டாக்டர் சீட்டு. மேலே பெயர், பட்டம், முகவரி. கீழே டேபென்டடால் என்று ஒரு மாத்திரை, முப்பது என்று எண்ணிக்கை. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கடும் வலி தாங்கக் கொடுப்பார்களே, அந்த மாத்திரை. சீட்டைக் கண்ணாடி மேல் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை முடி போல ஒரு கறுப்புக் கோடு. எங்கள் கடை பிரிண்டரில் டிரம் கீறல் விழுந்த நாளிலிருந்து எந்தத் தாள் எடுத்தாலும் அந்தக் கோடு வரும். கடையைப் பெருக்கிப் பூட்டிவிட்டு வா என்று சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு நான் கிளம்பிய சாயங்காலங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

அண்ணன் குரலைத் தாழ்த்தி, "நான் மாத்திரை கொடுக்கல. சீட்ட மட்டும் வாங்கி வச்சுக்கிட்டேன். வேற யார்கிட்டயும் காட்டலம்மா" என்றார். காப்பிக்கு உண்டான இரண்டு ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணே, நீங்கள் அன்று அவனைக் கடை வாசலில் வைத்து நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம். மாத்திரையைக் கொடுத்துக் காசை எண்ணியும் இருக்கலாம். அப்படிக் கொடுத்த கடைகளும் இருந்தன. நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. வெயிலில் நடந்து வந்து, அவனுக்கு உரிமைப்பட்டவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அடுத்த வாரமே போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பெரம்பூரில் நடந்து போன ஒரு அம்மாவின் கையிலிருந்து செல்போனைப் பறித்திருக்கிறார்கள். வண்டி ஓட்டியவன் அவன் வகுப்புப் பையன். பின்னால் உட்கார்ந்திருந்தது என் தம்பி. எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இனி இவனுக்கு வேலை கிடைக்காது, பாஸ்போர்ட் கிடைக்காது, ஒவ்வொரு தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். எங்கள் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டேஷனில் சிறார் நலக் காவல் அலுவலராக இருந்த மேடம் காக்கி போடாமல் சாதாரண சுடிதாரில் இருந்தார். தம்பியை லாக்கப்பில் வைக்கவில்லை, விலங்கு போடவில்லை. மேசைக்கு எதிரில் உட்கார வைத்திருந்தார். எனக்குப் போன் போடும் முன்பே அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார். நான் அழுதுகொண்டே எப்.ஐ.ஆர். பற்றிக் கேட்டதும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதிக் காட்டி விளக்கினார். இந்தக் குற்றத்துக்கு மூன்றாண்டு வரைதான் தண்டனை, இரண்டு பேருமே பதினெட்டுக்குக் கீழ். அதனால் எப்.ஐ.ஆர். இல்லை, பொது நாட்குறிப்பில் பதிவு செய்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவோம் என்றார். அந்த அறிக்கைக்காக அவர் கேட்ட கேள்விகளை என் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா எப்போது இறந்தார், எதனால் இறந்தார், அதற்குப் பிறகு இவன் யாரோடு தூங்கினான் என்றெல்லாம் கேட்டார். குடியில் அப்பா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது. அதுவரை அவனைப் பற்றி எங்களிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்தினார்கள். அங்கே உயர்ந்த மேடையும் இல்லை, சாட்சிக் கூண்டும் இல்லை. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அவனுக்கு எதிரே சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள். ஆலோசனை, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு, வாரம் ஒரு நாள் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் சேவை என்று உத்தரவாயிற்று. நூலகர் ஐயாவுக்கும் இங்கேயே என் நன்றி. ஒரு நாள்கூட அவனிடம் "நீ என்ன தப்பு பண்ண?" என்று அவர் கேட்கவில்லையாம்.

செல்போனைப் பறிகொடுத்த அம்மாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, அதைக் கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை. தம்பி தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டபோது, "இஸ்கூலுக்குப் போறியா?" என்று மட்டும் கேட்டார். கையில் சிராய்ப்புக்குக் கட்டுப் போட்டிருந்தார். அம்மா, அந்தக் கட்டை நாங்கள் மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. ஒன்பதாம் வகுப்பில் உதட்டுக்குள் புகையிலை வைத்திருந்தான் என்று முன்பு படித்த பள்ளி டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. அது எந்தப் பள்ளி என்பது வேண்டாம். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், குழும விவகாரம் தெரிந்த பிறகும், அவன் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்கவில்லை. அவன் வராத நாளில் பதினொரு மணிக்குள் என் போன் அடிக்கும். சார், அந்தப் போன் வந்தால் அப்போது பயமாக இருக்கும். இப்போது வருவதில்லை.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போக அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. நம் ஊரில் யாரையாவது கேலி செய்ய வேண்டும் என்றால் "கீழ்ப்பாக்கத்துல சேர்த்துடுவேன்" என்பார்கள். 1794-ல் தொடங்கிய மருத்துவமனை, இத்தனை தலைமுறையாக வைத்தியம் பார்க்கிற இடம், அதன் பெயர் நமக்கு வசைச்சொல்லாகிவிட்டது. ஓ.பி. வரிசையில் நின்றபோது அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். உள்ளே இருந்த டாக்டரம்மா, "இது கெட்ட பழக்கம்னு விட்டுட முடியாதும்மா, இது நோய். குடும்பமா வாங்க" என்றார். அங்கிருந்த ஆலோசகர்தான் சாந்தி ரங்கநாதன் அம்மையாரைப் பற்றிச் சொன்னார். கணவரைக் குடிநோயில் இழந்த பிறகு, அவர் பெயரிலேயே 1980-ல் சென்னையில் போதை மீட்பு சிகிச்சைக்கு அறக்கட்டளை தொடங்கியவர். நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சேர்த்தே ஆலோசனை கொடுக்க வேண்டும் என்று நடத்திக் காட்டியவர். அதைக் கேட்ட பிறகு அம்மா முந்தானையை இறக்கினார். அப்பாவைப் பற்றி வெளியாளிடம் தானாகவே வாய் திறந்து பேசியது அன்றுதான் முதல் தடவை.

இரண்டாவது மாதத்தில் தம்பி மறுபடி மாத்திரை எடுத்தான். அதையும் எழுதத்தான் வேண்டும். இரவு பத்தரை மணிக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் பேசினேன். நான் பேசி முடிக்கும்வரை இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு, அன்றிரவு என்ன செய்ய வேண்டும், காலையில் எங்கே போக வேண்டும் என்று சொன்ன அந்தக் குரலுக்கு நன்றி. உங்களை எங்கே என்று தேடுவேன்.

அப்புறம் கேரம் மாஸ்டர்.

வடசென்னைக்காரர்களுக்குக் கேரம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இரண்டு முறை உலகச் சாம்பியனாகி, 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்த இரண்டு பேரின் படமும் மாஸ்டரின் கேரம் மன்றத்துச் சுவரில் இருக்கும். தம்பி எட்டாவது வரை அங்கே ஆடியவன். மூன்று வருடம் கழித்து நான் கையைப் பிடித்து அழைத்துப் போனபோது மாஸ்டர் அவனைப் பார்த்து, "அந்த மூலை போர்டு காலியா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று அவன் கை நடுங்கியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைக்கிறான், விரலை மடக்குகிறான், அது தானாகவே நகர்ந்துவிடுகிறது. எதிரில் இருந்த பையன் சிரிக்க வாய் எடுத்தான். மாஸ்டர் பவுடர் டப்பாவோடு வந்து போர்டில் தூவினார். உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்தார். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார். தம்பி கை ஓயும்வரை அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார் என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. ஒன்பது நாள் அவனால் ஒரு காயினைக்கூட ஒழுங்காகப் போட முடியவில்லை. பத்தாம் நாள் ரெட்டும் ஃபாலோவும் போட்டான். அன்று வீட்டுக்கு வந்து கேட்டுச் சாப்பிட்டான்.

தினமும் ஆறு முதல் எட்டரை மணி வரை மன்றம். அந்த இரண்டரை மணி நேரம்தான் முன்பு கால்வாய்க் கரையில் கழிந்த நேரம். மாஸ்டர் இதைக் கணக்குப் போட்டுத்தான் நேரத்தை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது தம்பி சொல்லிக் கொடுக்கிறான்.

எங்கள் தெரு மகளிர் குழு அக்காக்களை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. கால்வாய்க் கரையில் இரண்டு தெருவிளக்கு எரியாமல் கிடந்தது. மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குப் போன் போட்டதும் நீங்கள்தான், நான் அடித்துக் கொடுத்த மனுவோடு மண்டல அலுவலகத்துக்கு நடையாக நடந்ததும் நீங்கள்தான். விளக்கு எரியத் தொடங்கியதும் அங்கே கூட்டம் கூடுவது குறைந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரில் இருந்த பெட்டிக்கடையில் பொட்டலப் புகையிலை தொங்கியபோதும் நாலு பேராகப் போய் நின்றீர்கள். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால் ஏழாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதைப் பெரிய எழுத்தில் அடித்துத் தரச் சொல்லி, சத்தம் போடாமல் கடைக்காரர் கையிலேயே கொடுத்து ஒட்டச் சொன்னீர்கள். அவரும் ஒட்டினார். இப்போது அங்கே கடலை மிட்டாய் தொங்குகிறது. அவருக்கும் நன்றி, ஏனென்றால் அவருடைய வருமானமும் சின்னதுதான்.

மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்க வரும் அம்பேத்கர் கலைக் கல்லூரித் தம்பி, தங்கைகளே, உங்களுக்குத் தேர்வு நேரத்திலும் நீங்கள் வந்தீர்கள்.

கடைசியாக, இட்லிக்கடை அக்காவுக்கு.

மருந்துக்கடை அண்ணன் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, விடிந்தும் விடியாத நேரத்தில் அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் மாவு காயாமல் இருந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். "ஒந்தம்பி மூணு நாளா பையத் தூக்கினு வந்து கால்வாய்க் கரையில குந்திக்கினு கீறான். கண்ணு சரியில்ல. சொன்னா கோச்சுக்காத" என்றார். நான் கோபித்துக்கொண்டேன். "உங்க வேலையப் பாருங்கக்கா" என்று கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகும் தம்பி அந்த வழியாகப் போனால் கூப்பிட்டு இரண்டு இட்லி கொடுத்து அனுப்பியிருக்கிறார். சில நாள் அவன் சாப்பிட்டது அது மட்டும்தானாம். எங்களிடம் காசும் கேட்கவில்லை, சொல்லிக் காட்டவும் இல்லை.

அன்றே நான் காது கொடுத்துக் கேட்டிருந்தால், அந்த அம்மாவின் கையில் கட்டு இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அக்கா வீட்டுப் பக்கம் காலி செய்து, அவர்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். பழைய போன் எண் வேலை செய்யவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் பஸ் பிடித்துப் போய் ஒவ்வொரு பிளாக்காக விசாரித்துப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எல்லாருக்குமான கடிதமாக எழுதுகிறேன். பெரும்பாக்கத்தில் இருப்பவர்களே, வியாசர்பாடியில் இட்லிக்கடை வைத்திருந்த, இடது புருவத்தில் தழும்பு உள்ள அக்காவைப் பார்த்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், நிதானமாகப் படியுங்கள். கதவைச் சாத்தியவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொல்லுங்கள். தம்பி வரச் சொன்னான் என்றும் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
ஜெராக்ஸ் கடை அக்கா,
வியாசர்பாடி, சென்னை