செல்வாவுக்கு, டூட்டி தகராறு பற்றி

அன்பு செல்வா,

புதிதாக வந்த நர்சிங் அதிகாரி உங்களைக் கேட்காமல் டூட்டி முறையை மாற்றிவிட்டார், டாக்டர்கள் எல்லோரும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறோம் என்று ஃபோனில் கொதித்தாயே. காலமெல்லாம் நர்ஸாக இருந்தவள் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இருக்கும் அதே லண்டனில், கைஸ் மருத்துவமனையில், இதே சண்டை நடந்திருக்கிறது. 1879-ல் மார்கரெட் பர்ட் என்பவர் அங்கே மேட்ரனாக, அதாவது நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியாக, வந்தார். நியமித்தது நிர்வாகம், டாக்டர்களைக் கேட்கவில்லை. ஒரே வார்டில் வருஷக்கணக்காக இருந்த நர்ஸுகளை அவர் வார்டு வார்டாக மாற்றினார். பழைய சிஸ்டர்கள் பலர் விலகினார்கள்.

டாக்டர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு வார்டில் ஊறிய நர்ஸுக்கு நோயாளியின் முகம் மாறுவது டாக்டருக்கு முன்பே தெரியும். ஆனால் அது தர்ம ஆஸ்பத்திரி. பணமும் அதிகாரமும் நிர்வாகிகளிடம். பெரிய டாக்டர்கள் வெளியே பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்துத்தான் சம்பாதித்தார்கள். வார்டுக்குள்ளாவது தங்கள் சொல் செல்ல வேண்டும் என்பதும் அந்தக் கோபத்துக்குள் இருந்தது என்றே நினைக்கிறேன்.

1880-ல் அதே ஆஸ்பத்திரியில் லூயிசா மோர்கன் என்ற நோயாளியை, டாக்டர் உத்தரவு இல்லாமல், ப்ளெஸன்ஸ் இங்கிள் என்ற நர்ஸ் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வெகுநேரம் விட்டுவிட்டார். லூயிசா இறந்துபோனார். காரணம் குளியலா, ஏற்கெனவே இருந்த நோயா என்பதில் டாக்டர்களே ஒத்துப்போகவில்லை. இங்கிளுக்கு 3 மாதம் சிறை. அந்த நர்ஸ் செய்தது தப்புதான், அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் அந்தச் சாவு இரண்டு தரப்புக்கும் வாதமாகிப்போனதை என்னால் பொறுக்க முடியவில்லை, செல்வா.

அதே ஆண்டு மூத்த மருத்துவர் ஹேபர்ஷனும் மூத்த அறுவை மருத்துவர் கூப்பர் ஃபார்ஸ்டரும் நிர்வாகத்தோடு மோதி ராஜினாமா செய்தார்கள். அவர்களைக் கொண்டாடியவர்கள் நிறையப் பேர். இங்கிளுக்கு யார் இருந்தார்கள்?

நீ கையெழுத்துப் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு ராத்திரி உங்கள் வார்டு நர்ஸுகளிடம் உட்கார்ந்து, புது முறையில் எது கஷ்டம், எது பரவாயில்லை என்று கேள். அவர்கள் சொல்வதும் அந்தக் கடிதத்தில் வரட்டும்.

அப்புறம், நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா விசாரித்தார்.

அம்மா